மெல்லப் போக ஒரு மோட்டார்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள ஊர் போர்ட் கிளின்டன். அங்கே படகுத்துறையில் கட்டியிருக்கும் மீன்பிடி படகுகளின் பின்பக்கத்தைப் பார்த்தால் ஒன்று சட்டென்று கண்ணில் படும். நடுவில் 150 அல்லது 200 குதிரைத்திறன் கொண்ட பெரிய அவுட்போர்டு இன்ஜின் இருக்கும். அதன் ஓரமாக, பத்துக் குதிரைத்திறனைத் தொடாத ஒரு குட்டி மோட்டாரும் தொங்கும். அந்த ஊர்க்காரர்கள் அதைக் ‘கிக்கர்’ என்பார்கள். நம் கரையோர ஃபைபர் படகுகளில் கடலுக்குப் போகவே முதன்மை இன்ஜினாக இருக்கும் அதே 9.9 குதிரைத்திறன்தான். மணிக்கு 70 கிலோமீட்டர் ஓடக்கூடிய படகுக்கு, மனிதன் நடக்கிற வேகத்தைவிடக் குறைவாகப் போவதற்கென்றே சில ஆயிரம் டாலர் செலவழித்து இன்னொரு மோட்டார் எதற்கு? பெரிய இன்ஜினையே குறைத்து ஓட்டினால் ஆகாதா?

புதுப் படகு வாங்குகிற ஒவ்வொருவரும் அங்கே கேட்கிற கேள்வி இது. பெட்ரோல் மிச்சமாகும் என்பதுதான் உடனே வருகிற பதில். அது உண்மைதான், ஆனால் கிக்கர் வாங்குவதற்கு இருக்கும் காரணங்களிலேயே மிகவும் பலவீனமானது. சரியான காரணம் புரொப்பெல்லர் கணக்கில் இருக்கிறது.

முதலில் அந்த மீன்பிடி முறை. படகை நிறுத்தாமல் மெல்ல ஓட்டியபடியே, பின்னால் ஐந்தாறு நூல்களை நீளமாக விட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு நூலின் முனையிலும் குட்டி மீனைப் போல ஆடுகிற ஒரு போலி இரை. டிரோலிங் என்பது இதுதான். நம் கடற்கரையில் சச்சரவுக்குக் காரணமாக இருக்கும் இழுவலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதில் வலையே கிடையாது.

என்ன வேகத்தில் இழுப்பது என்பதைத் தண்ணீரின் குளிர் தீர்மானிக்கிறது. மீனின் உடல் வெப்பம் அது இருக்கிற தண்ணீரின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். ஏப்ரல் மாதத்தில் ஈரி ஏரியின் தண்ணீர் 5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போது, அங்கே எல்லோரும் தேடிப்போகும் வால்-ஐ மீனின் செரிமானம், தசை, எல்லாமே மந்தமாகத்தான் வேலை செய்யும். வேகமாகப் போகிற இரையைத் துரத்துவது அதற்குக் கட்டுப்படியாகாது. அப்போது மணிக்கு ஒன்றரை முதல் 2 கிலோமீட்டர் வேகம் போதும். கோடையில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிய பிறகு அதே மீனுக்கு 3 முதல் 4 கிலோமீட்டர் வேகத்தில் இழுப்பார்கள். மிச்சிகன் ஏரியின் சினூக் சால்மன் இன்னும் வேகமான இரையை விரும்பும். மூன்றரை முதல் 5 கிலோமீட்டர் வரை போகலாம்.

போலி இரைக்கும் தனக்கென்று ஒரு வேக எல்லை உண்டு. ஸ்பூன் எனப்படும் வளைந்த உலோகத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு புறமும் தண்ணீர் மாறி மாறிச் சுழித்துப் பிரிவதால்தான் அது இடமும் வலமுமாக ஆடுகிறது. வேகம் போதாவிட்டால் ஆடாமல் தொங்கும். அதிகமானால் பம்பரம்போலச் சுற்றி நூலை முறுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள குறுகிய இடைவெளியில்தான் அது மீனாகத் தெரியும்.

மணிக்கு அரை கிலோமீட்டர் வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதைப் படகு திரும்பும்போது நேரிலேயே பார்க்கலாம். படகு 60 மீட்டர் ஆர வட்டத்தில் 3 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது என்று வையுங்கள். பக்கவாட்டில் 30 மீட்டர் தள்ளி ஓடும் வெளிப்பக்க நூல் 90 மீட்டர் ஆரத்தில் சுற்ற வேண்டும். அதன் வேகம் நாலரை கிலோமீட்டராக ஏறிவிடும். உள்பக்க நூலுக்கு ஒன்றரைதான் கிடைக்கும். ஒரே திருப்பத்தில் மூன்று மடங்கு வேறுபாடு! தேர்ந்தவர்கள் வேண்டுமென்றே பாம்புபோல வளைந்து வளைந்து ஓட்டுவது இதனால்தான். தொடர்ந்து உள்பக்கத் தூண்டிலிலேயே மீன் கடித்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்; வெளிப்பக்கத்தில் கடித்தால் கூட்ட வேண்டும். மீனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் இந்த முறையைவிட அழகான சோதனை மீன்பிடியில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஆனால் மீன் சொன்னபடி செய்ய வேண்டுமானால், வேகத்தைக் கால் கிலோமீட்டர் அளவுக்குக் கூட்டிக் குறைக்கும் வசதி படகில் இருக்க வேண்டும்.

இங்கேதான் புரொப்பெல்லர் வருகிறது. புரொப்பெல்லரின் ‘பிட்ச்’ என்பது, அது ஒரு சுற்றுச் சுற்றினால், திருகாணி மரத்தில் இறங்குவதுபோல, எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்கிற அளவு. 150 குதிரைத்திறன் இன்ஜினில் 17 அங்குலப் பிட்ச் சாதாரணம். அதாவது 43 சென்டிமீட்டர். கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் விட்டால் இன்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்று ஓடும். உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் அதை இரண்டில் ஒன்றாகக் குறைக்கின்றன என்றால், புரொப்பெல்லருக்கு 350 சுற்று. நிமிடத்துக்கு 150 மீட்டர், மணிக்கு 9 கிலோமீட்டர். தண்ணீர் மரமில்லை, வழுக்கும். இந்த மெதுவான ஓட்டத்தில் பாதி வழுக்கலிலேயே போய்விடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் படகு நாலரை கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதற்குக் கீழே இறங்க வழியில்லை. இன்னும் குறைத்தால் இன்ஜின் நின்றுவிடும். ஏப்ரல் மாத வால்-ஐ மீனுக்கு வேண்டியது 2 கிலோமீட்டர்!

கிக்கரில் அதே கணக்கைப் போடுவோம். மெதுவான வேலைக்கென்றே செய்த 9.9 குதிரைத்திறன் மோட்டாரில் புரொப்பெல்லரின் பிட்ச் 7 அங்குலம், ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பல்சக்கரங்கள் சுற்றை இரண்டரையில் ஒன்றாகக் குறைக்கின்றன. 1,500 சுற்றில் ஓட்டினால் புரொப்பெல்லருக்கு 600 சுற்று. பாதியை வழுக்கலுக்குக் கழித்தால் மணிக்கு 3.2 கிலோமீட்டர். 1,000 சுற்றுக்கு இறக்கினால் 2.1 கிலோமீட்டர். வேண்டிய வேகம் சிரமமில்லாமல் வந்துவிட்டது.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. பெரிய இன்ஜினில் 50 சுற்று கூட்டினால் படகின் வேகம் 0.3 கிலோமீட்டர் ஏறும். கிக்கரில் அதே 50 சுற்றுக்கு 0.1 கிலோமீட்டர்தான் ஏறும். அதாவது கிக்கர் மெதுவாகப் போவதோடு, வேகத்தை நுணுக்கமாகத் திருத்தவும் விடுகிறது. எதிர்க்காற்று அடித்தால் கொஞ்சம் கூட்டலாம், பின்காற்று தள்ளினால் குறைக்கலாம். பெரிய இன்ஜின் ஏற்கெனவே தன் அடிமட்டத்தில் இருப்பதால் பின்காற்றில் குறைக்க அதனிடம் எதுவும் மிச்சமில்லை.

இன்ஜினின் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தண்ணீரில் படகுக்கு ஏற்படும் இழுவை, வேகத்தின் இருமடியாக ஏறும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடியாக ஏறும். வேகம் பாதியானால் தேவைப்படும் திறன் எட்டில் ஒரு பங்கு. அலையில்லாத தண்ணீரில் 6 மீட்டர் படகை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நகர்த்த ஒரு குதிரைத்திறனே அதிகம். 150 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்போது எரிகிற பெட்ரோலில் பெரும்பகுதி படகைத் தள்ளுவதற்குப் போவதில்லை. இரண்டே முக்கால் லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர்களில் பிஸ்டன்களை ஏற்றி இறக்கவும், மூடிக்கிடக்கும் காற்று வழியின் ஊடே மூச்சிழுக்கவுமே அது செலவாகிறது. சிலிண்டர் சுவர்கள் சரியாகச் சூடேறாததால் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இன்ஜின் ஆயிலில் கலக்கலாம். ஆயில் அளவுகோலில் மட்டம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் காரணம் இதுவாக இருக்கக்கூடும். அந்த ஆயில் நீர்த்துப்போனது. உடனே மாற்றிவிட வேண்டும். நாள் முழுக்க மெதுவாக ஓட்டியவர்கள் கரை திரும்பும்போது இன்ஜினைச் சிறிது நேரம் நல்ல வேகத்தில் ஓட்டுவதும் இப்படி உள்ளே சேரும் ஈரத்தையும் கரியையும் போக்கத்தான்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் நிலைமை இன்னும் மோசம். கார்புரேட்டர் வைத்த அந்த இன்ஜின்கள் உள்ளே போகும் எரிபொருளில் கால் பங்கு வரை எரிக்காமலேயே புகையோடு தண்ணீரில் தள்ளின. அரை மணி நேரம் மெதுவாக ஓடினால் ஸ்பார்க் பிளக் எண்ணெய் படிந்து அணைந்துபோகும். கிக்கர் அன்று அவசியத்தேவையாக இருந்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-ல் அவுட்போர்டு புகைக்கு விதி கொண்டுவந்து, 1998-லிருந்து 2006-க்குள் படிப்படியாக இறுக்கியது. அதன் பிறகு நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களும் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் எரிபொருளும் பரவின. இன்றைய 150 குதிரைத்திறன் இன்ஜின் மணிக்கணக்கில் பொறுமையாக மெல்ல ஓடும். யமஹா, ஹோண்டா, சுசுகி போன்ற நிறுவனங்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் 50 சுற்று கூட்டவோ குறைக்கவோ வசதியும் தருகின்றன. “பெரிய இன்ஜினை மெல்ல ஓட்டினால் கெட்டுவிடும்” என்று இன்றும் சொல்பவர்கள் முப்பது வருடத்துக்கு முந்தைய இன்ஜினை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

இனி பணக் கணக்கு. மெல்ல ஓடும் பெரிய இன்ஜின் மணிக்கு இரண்டேகால் லிட்டர் குடித்தால், கிக்கர் ஒன்றேகால் லிட்டர் குடிக்கும். மிச்சம் ஒரு லிட்டர். நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 30 நாள் என்றால் 240 லிட்டர். லிட்டர் ஒரு டாலர் என்று வைத்தால் 240 டாலர். மோட்டார், அதைத் தாங்கும் சட்டம், ஸ்டியரிங் இணைப்பு எல்லாம் சேர்த்து 4,000 டாலர் ஆகும் என்றால், பெட்ரோலில் மட்டும் போட்ட பணம் திரும்ப 16 வருடத்துக்கு மேல் ஆகும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கக் கிக்கர் வாங்குகிறேன் என்பது கணக்கில் நிற்காது.

இன்ஜின் ஓடிய மணிநேரம் என்பது வேறு விஷயம். அதே 30 நாளில் கிக்கர் இல்லாதவரின் பெரிய இன்ஜின் 250 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். கிக்கர் உள்ளவரின் இன்ஜின், போகவும் வரவும் மட்டும் ஓடியதால் 40 மணி நேரத்தில் நிற்கும். நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்பது வழக்கம். பழைய படகு வாங்க வருகிறவரும் முதலில் பார்ப்பது அந்த மணிக்கணக்கைத்தான். சால்மனுக்காகவே வாரம் தவறாமல் போகிறவருக்கு இது பெட்ரோலைவிடப் பெரிய தொகை.

இவ்வளவு பெரிய இன்ஜின்கள் இந்த ஏரிகளுக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. வணிக அளவில் வெற்றிபெற்ற முதல் அவுட்போர்டு மோட்டாரை 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஓலே எவின்ரூட். அதன் திறன் ஒன்றரைக் குதிரை. இன்றைய கிக்கரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. டிரோலிங்குக்கு அது தாராளமாகப் போதும். பிறகு, அட்லான்டிக்கிலிருந்து கால்வாய்கள் வழியாக வந்து சேர்ந்த ஏல்வைஃப் என்ற சிறு மீன், அதைத் தின்னப் பெரிய மீன் இல்லாததால் மிச்சிகன் ஏரியில் கட்டுக்கடங்காமல் பெருகியது. அதைத் தின்னட்டும் என்று மிச்சிகன் மாநிலம் 1966-ல் கோஹோ சால்மனையும் 1967-ல் சினூக் சால்மனையும் பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விட்டது. சால்மன் பெருகியதும் மக்கள் ஏரியின் நடுப்பகுதிக்கே போகத் தொடங்கினார்கள். 490 கிலோமீட்டர் நீளமும் 281 மீட்டர் ஆழமும் கொண்ட ஏரி அது. அலையும் காற்றும் கடலைப் போலவே. பெரிய படகு, அதற்கேற்ற பெரிய இன்ஜின் என்று ஆனது. மெல்லப் போக முடியாத சிக்கல் அந்தப் பெரிய இன்ஜினோடு சேர்ந்து வந்ததுதான்.

அந்தத் தூரத்தில் கிக்கருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கரையிலிருந்து 24 கிலோமீட்டர் தள்ளி பெரிய இன்ஜின் நின்றுபோனால், 9.9 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் கரை சேர்த்துவிடும். எதிர்க்காற்று பலமாக இருந்தால் அது முடியாது; ஆனாலும் படகின் முகத்தை அலைக்கு நேராகப் பிடித்து வைத்திருக்கும். என்னைக் கேட்டால் கிக்கருக்கு இதைவிட நல்ல நியாயம் தேவையில்லை.

ஆனால் பலர் இதிலேயே கோட்டை விடுகிறார்கள். இரண்டு மோட்டாருக்கும் ஒரே டாங்க்கிலிருந்து பெட்ரோல் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டாங்க்கின் அடியில் போய்த் தங்கும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. பெரிய இன்ஜினை நிறுத்திய அதே தண்ணீர் கிக்கரையும் நிறுத்திவிடும். கிக்கர் ஆபத்துக்கு உதவ வேண்டுமானால் அதற்குத் தனி டாங்க், தனி ஃபில்டர் வேண்டும். கார்புரேட்டர் உள்ள சிறிய மோட்டாரை மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தாலும் இதே கதைதான். மெல்லிய ஓட்டத்துக்கு எரிபொருள் விடும் துளை ஊசிமுனை அளவுதான். வற்றிய பெட்ரோலின் பிசின் அதை அடைத்துவிடும்.

கிக்கரின் குறைகளும் சிறியவையல்ல. 50 கிலோ எடை படகின் ஒரு பக்கத்தில் தொங்குகிறது. நடுவில் இல்லாததால் அது தள்ளும்போது படகின் முகம் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். வலதுபுறம் மாட்டியிருந்தால் படகு இடதுபுறம் போகும். அதனால் கிக்கரையும் பெரிய இன்ஜினையும் ஒரு கம்பியால் இணைத்து, பெரிய இன்ஜினை ஓட்டாமல் தண்ணீரில் இறக்கியே வைத்துச் சுக்கான்போலப் பயன்படுத்துகிறார்கள். தண்டின் நீளம் போதாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் புரொப்பெல்லர் தண்ணீரைவிட்டு மேலே வந்து வெறுமனே சுற்றும். 25 அங்குலத் தண்டுள்ள மோட்டாரையே பலரும் தேடுவது இதற்காக. பேட்டரிக்கு மின்னேற்றமும் கிக்கரில் குறைவு. ஆழத்துக்கு எடையிறக்கும் மின்சாரக் கப்பிகள், மீன் காட்டும் திரை, ரேடியோ எல்லாம் ஓடும் படகில் இது சாயங்காலத்தில் தெரியும்.

படகின் முன்முனையான அணியத்தில் மாட்டும் மின்சார மோட்டார் மூன்றாவது வழி. சத்தமில்லை, ஜி.பி.எஸ். பார்த்துத் தானே வழிபிடித்துப் போகும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றை வைத்து 36 வோல்ட் ஆக்கினால் கிடைப்பது மூன்றரை யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம். ஒரு லிட்டர் பெட்ரோலிலேயே சுமார் 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அமைதியான ஏரியில் மெல்லப் போக அந்த மூன்றரை யூனிட் போதும்; பலத்த காற்றில் நாள் முழுக்கத் தாங்காது. மிச்சிகன் ஏரியின் அலையில் அணியம் ஏறி இறங்கும்போது மோட்டாரும் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடும். கிக்கரைத் தள்ளவும் மின்மோட்டாரைத் திருப்பவும் பயன்படுத்தும் ஏற்பாடு ஈரி ஏரியில் நன்றாக வேலை செய்கிறது. செலவுதான் இரட்டிப்பு.

செலவு குறைந்த வழியும் உண்டு. படகின் இருபுறமும் புனல்போன்ற துணிப்பைகளைத் தண்ணீரில் இறக்கினால் அவை இழுத்துப் பிடிக்கும். பெரிய இன்ஜினிலேயே வேகம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறையும், காற்றில் படகு அலைவதும் குறையும். புரொப்பெல்லருக்குப் பின்னால் மடங்கும் தகடு மாட்டுவதும் பழைய வழிதான். ஆனால் அதைத் தூக்க மறந்து வேகமெடுத்தால் தகடு வளைந்துவிடும். கியரைப் போட்டும் எடுத்தும் சராசரி வேகத்தைக் குறைக்கப் பார்ப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இரை ஒருமுறை தொங்கி ஒருமுறை பாயும், கியரும் தேயும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். காற்றில்லாத காலையில் ஏரியில் இறங்கி, பெரிய இன்ஜினைக் கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விட்டு, ஜி.பி.எஸ். வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பாதையில் திரும்பி வந்து இன்னொரு முறை குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள். நீரோட்டத்தின் பங்கு கழிந்துவிடும். அந்த எண் மூன்றரைக்குள் இருந்து, இன்ஜின் புது நான்கு ஸ்ட்ரோக்காகவும் இருந்து, நீங்கள் பிடிப்பது சினூக்காகவோ கோடை வால்-ஐயாகவோ இருந்தால், கரை கண்ணில் படும் தூரத்துக்குள் மீன்பிடிப்பவருக்குக் கிக்கர் தேவையில்லை. இரண்டு துணிப்பைகள் போதும். குளிர்காலம் முடிந்த கையோடு வால்-ஐக்குப் போகிறவரும், பழைய இரண்டு ஸ்ட்ரோக் வைத்திருப்பவரும், கரை மறையும் தூரத்துக்கு ஒற்றை இன்ஜினோடு போகிறவரும் கிக்கர் வாங்கியே ஆக வேண்டும். வாங்கும்போது நீளத் தண்டும் தாழ்ந்த பிட்ச்சும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தனி டாங்க் வையுங்கள், மாதம் ஒருமுறையாவது ஓட்டிப்பாருங்கள்.